எங்கே நோவுது என்று கேட்டவளுக்கு

இன்று காலை தோசைத் திருப்பியின் பிடியில் சுற்றியிருந்த சைக்கிள் டியூப் அவிழ்ந்துவிட்டது. அடுப்புச் சூட்டில் கொஞ்ச நாளாகவே அது இளகிக்கொண்டு இருந்தது. இன்று முதல் தோசையைத் திருப்பும்போதே நழுவி, கல்லின் ஓரத்தில் பட்டுப் புகைந்தது. வீடெல்லாம் ரப்பர் கருகிய நாற்றம். உள்ளே தலை துவட்டிக்கொண்டிருந்த மகள் என்ன தீய்கிறது என்று கேட்டாள். நான் அடுப்பை அணைத்துவிட்டு, அந்தக் கறுப்புப் பட்டையைக் கையில் பிடித்தபடி நின்றேன். அதைச் சுற்றிக் கொடுத்தவள் நீ. உன் வீட்டுக்காரரின் பழைய சைக்கிளிலிருந்து வெட்டி எடுத்து, இழுத்து இழுத்துச் சுற்றி, நுனியை உள்ளே செருகி, "இனி அம்மணி தாராளமா தோசை சுடலாம்" என்று நீட்டினாய். தோசை கருகியது. மகள் இரண்டு வாழைப்பழத்தைத் தின்றுவிட்டுக் கல்லூரிக்குப் பஸ் ஏறினாள்.

நீ போய் ஒரு மழைக்காலம் முடிந்துவிட்டது. உட்கார்ந்து கடிதம் எழுதுகிற ஆள் நான் இல்லை. பொங்கலுக்கு வாழ்த்து அனுப்பக்கூட மகளிடம் போனை நீட்டுகிறவள். ஆனால் இன்று பட்டறையில் ஒன்று நடந்தது. அதை உன்னிடம் சொல்லாமல் இருக்க முடியாது. எந்தக் கதையானாலும் முடிவை முதலில் கேட்டு உயிரை எடுப்பாய் நீ. இந்த ஒரு தடவை பொறுத்துக்கொள். வரிசையாகத்தான் சொல்லப் போகிறேன்.

கணபதிப் பகுதியில் அந்த வைண்டிங் பட்டறையில் நான் சேர்ந்தபோது நீ அங்கே பழைய ஆள். பம்பு மோட்டாருக்குக் கம்பி கட்டுகிற வேலை. இரும்பு வளையத்தின் உள்பக்கம் நெடுகப் பள்ளங்கள் இருக்கும். செம்புக் கம்பிச் சுருளை அந்தப் பள்ளங்களுக்குள் இழை இழையாக இறக்கி, கட்டைவிரலால் அழுத்தி, மேலே மூங்கில் சீவலைச் செருகி, கடைசியில் நூல் போட்டு இறுக்கிக் கட்ட வேண்டும். உனக்குத் தெரிந்ததைத்தான் உனக்கே சொல்கிறேன். சொல்லிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. பொள்ளாச்சித் தென்னந்தோப்பில் தண்ணீர் பாய்ந்தால் அது நம் கட்டைவிரல் தள்ளிய தண்ணீர் என்று நீ நெஞ்சை நிமிர்த்திச் சொல்வாய். அப்போதெல்லாம் தரையில் சாக்கைப் போட்டு, அந்த வளையத்தைக் காலுக்கு நடுவில் வைத்துக்கொண்டு, குனிந்தபடியே வேலை. யாருக்கும் அது தப்பாகப் படவில்லை. வேலை என்றால் அப்படித்தான் என்று இருந்தோம்.

நீ எனக்கு எதிரில் உட்கார்ந்திருந்தாய். என்னைவிட ஒரு முழம் உயரம், உயரத்துக்கு ஏற்ற குரல். காலையில் வேலையைத் தொடுவதற்கு முன் உன் வலது கையை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பேசுவாய். "ஏனுங்க, இன்னைக்கு எப்படி இருக்கறீங்க? நேத்துக் கோவிச்சுக்கிட்டீங்களே, செரியாப் போச்சுங்களா?" எல்லாரும் சிரிப்பார்கள். எனக்கு முதல் வாரம், இவளுக்கு ஏதோ கோளாறு என்றுதான் தோன்றியது. ஒருநாள் கேட்டேவிட்டேன். போற வாற ஆளுக்கெல்லாம் ங்க போட்டுப் பேசுகிறோம், நமக்குச் சோறு போடுகிற கைக்குப் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று திருப்பிக் கேட்டாய்.

ங்க போடுவதில் நம் ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நாம் எல்லாரும் அண்ணா என்று கூப்பிடுகிற முதலாளி, தினமும் காலையில் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப் பார்த்து, "ஏனுங்க, எல்லாம் சௌகரியந்தானுங்களே?" என்பார். "சௌகரியமுங்க" என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்லுவோம். அவரும் மனசாரத்தான் கேட்டார், நாமும் மரியாதையாகத்தான் சொன்னோம். ஒருத்திக்குக் கழுத்தைத் திருப்ப முடியாது, இன்னொருத்தி பிளாஸ்கின் மூடியைத் திறக்கப் பக்கத்து ஆளிடம் கொடுப்பாள், சௌகரியம் மட்டும் குறையவே குறையாது. வீடு பற்றி எரிந்தாலும் கேட்கிறவர் மனசு நோகக்கூடாதென்று சௌகரியமுங்க என்று சொல்கிற கூட்டம் நாம் என்று நீ கேலி செய்வாய்.

என் கட்டைவிரலில் வலி தொடங்கியது எப்போது என்று சரியாகத் தெரியவில்லை. மணிக்கட்டில், கட்டைவிரல் தொடங்குகிற இடத்தில், முள் குத்தியது போல இருந்தது. பிறகு காலையில் எழுந்ததும் விரல் கட்டையாக இருந்தது. எண்ணெய் தடவினேன். எங்கள் தெருவில் சுளுக்கு வழிக்கிற ஒரு அம்மாவிடம் போனேன். அவர் நல்ல மனசோடு பலம் உள்ள மட்டும் உருவிவிட்டதில், மறுநாள் கை புசுபுசுவென்று வீங்கியது. அவருக்குக் கஷ்டமாக இருக்குமென்று, இப்போது தேவலாமுங்க என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் துணி பிழிவதை நிறுத்தினேன். தேங்காய் துருவுவதை நிறுத்தினேன். ஒரு நாள் காப்பி டம்ளர் கையிலிருந்து தானாக நழுவி விழுந்தது. அந்தப் பழியை மகளின் மேல் போட்டு அவளைத் திட்டினேன்.

அவளுக்கு அப்போது நாலாம் வகுப்பு. முடி அடர்த்தி, இரட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டித்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும். அவள் அப்பா இல்லாமல் போன பிறகு, காலையில் அவளை முன்னால் உட்காரவைத்துப் பின்னுகிற அந்த நேரம்தான் எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சு. அதுவும் முடியாமல் போனது. மூன்று கால் எடுத்து மாற்றி மாற்றிப் போடுவதற்குள் கட்டைவிரலில் உயிர் போய் உயிர் வரும். சடை தளர்ந்து, ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகத் தொங்கும். அவள் கண்ணாடியைப் பார்ப்பாள், என்னைப் பார்ப்பாள், பையை எடுத்துக்கொள்வாள். அது என்னைக் கொன்றது.

அந்தச் சடையைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்துத்தான் நீ கண்டுபிடித்தாய். அன்று பட்டறையில் டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாய். வேறு யாராக இருந்தாலும் கை வலிக்கிறதா என்று கேட்டிருப்பார்கள், நானும் இல்லை என்று சொல்லியிருப்பேன். நீ அப்படிக் கேட்கவில்லை.

"எங்க நோவுது, புள்ள?"

இல்லை என்று சொல்ல அந்தக் கேள்வியில் இடமே இல்லை. நான் கையை நீட்டி இடத்தைக் காட்டினேன். காட்டும்போதே அழுதுவிட்டேன். டீ ஆறியது. நீ என் டம்ளரையும் சேர்த்துக் கழுவிவைத்தாய்.

நீ சொல்லித்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஆனால் தனியாகப் போனேன். அங்கே உடற்பயிற்சி சிகிச்சை கொடுக்கிற ஒரு மேடம், சின்ன வயசு, நிதானமாகப் பேசுகிறவர். வலி எந்த அளவுக்கு இருக்கிறது, வேலை செய்ய முடிகிறதா, வீட்டில் சிரமமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அவ்வளவு அன்பாகக் கேட்கிறவரிடம் எப்படிச் சொல்வது? "கொஞ்சந்தானுங்க. பரவாயில்லீங்க. சமாளிச்சுக்கறனுங்க." அவர் என்ன செய்வார், நான் சொன்ன கொஞ்சத்துக்குத் தகுந்த மாதிரி கொஞ்சம் பயிற்சி சொல்லி, மணிக்கட்டுக்கு ஒரு பட்டை கொடுத்து, குறையாவிட்டால் வரச் சொன்னார். நான் அந்தப் பட்டையைப் பையில் போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போனேன். அதை மாட்டினால் எல்லாரும் என்ன என்று கேட்பார்கள், அண்ணன் பார்த்தால் இவள் இனி வேலைக்கு ஆகமாட்டாள் என்று நினைத்துவிடுவார் என்று பயம். பட்டை பையிலேயே சௌகரியமாக இருந்தது.

கொஞ்ச நாளில் கட்டைவிரல் பாதி மடங்கியதோடு நின்றுவிட்டது. நீ என் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்து கொடுத்தாய், சோற்றைப் பிசைந்தும் கொடுத்தாய். பிறகு எழுந்து போய் அண்ணனிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, என்னைக் கையோடு இழுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறினாய்.

அந்த மேடத்தின் முன்னால் நீ பேசியதை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. "இவ சொல்றத நம்பாதீங்க மேடம். பத்துக்கு எவ்வளவு நோவுதுன்னு கேட்டீங்கன்னா, உங்க மரியாதைக்கு ரெண்டும்பா. எங்க ஆளுகளே அப்படித்தானுங்க." மேடம் சிரித்துவிட்டு, எப்படி வேலை செய்வீர்கள், செய்து காட்டுங்கள் என்றார். இரும்பு வளையத்துக்கு அங்கே எங்கே போவது? நீ மூலையிலிருந்த குப்பைக்கூடையை எடுத்துக் கவிழ்த்துத் தட்டிவிட்டு, தரையில் என் கால்களுக்கு நடுவே வைத்தாய். வெளியே காத்திருந்த ஜனம் எல்லாம் கதவு வழியாகப் பார்க்க, நான் அந்தக் கூடைக்குள் இல்லாத கம்பியை அழுத்தினேன். மேடமும் என் எதிரில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். என் கையைப் பார்த்தார், தோளைப் பார்த்தார், நான் எவ்வளவு குனிகிறேன் என்று பார்த்தார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். கட்டைவிரலை இழுக்கிற தசைநார்கள் ஒரு உறைக்குள்ளே ஓடுகின்றன. மணிக்கட்டை மடக்கிவைத்துக்கொண்டு அதே விரலால் நாள் முழுக்க அழுத்தினால் உறை தடித்துவிடும். உள்ளே ஓடுவது உரசும், வீங்கும், சிக்கும். தைலமும் உருவலும் அதற்குத் தீர்வு இல்லை. இப்போதைக்கு விரலுக்கு ஓய்வு வேண்டும், கட்டைவிரலையும் சேர்த்துப் பிடிக்கிற பட்டையை மாட்டியே ஆக வேண்டும். தேவைப்பட்டால் டாக்டர் ஊசி போடுவார். ஆனால் பழைய மாதிரியே போய் உட்கார்ந்தால் எல்லாம் திரும்ப வரும் என்றார். இன்னும் தள்ளிப்போட்டால் பிடிமானம் முழுசாகத் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது என்றும் சொன்னார். கடைசியில் அவருடைய இரண்டு விரல்களை நீட்டி, முடிந்த மட்டும் இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். நான் பிடித்தேன். அவர் முகம் மாறவில்லை, ஆனால் நீ வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய்.

பஸ்ஸில் திரும்பி வரும்போது நான் வேலை போய்விடும் என்று புலம்பினேன். மகளை வைத்துக்கொண்டு என்ன செய்வேன் என்றேன். அண்ணனிடம் எதுவும் சொல்லிவிடாதே என்று உன்னைக் கெஞ்சினேன். நீ ஜன்னலைப் பார்த்தபடி உன் தொண்டாமுத்தூர்த் தோட்டத்துக் கதையை எடுத்தாய். "யானை தோப்புக்குள்ள வந்துருச்சுன்னு வெய்யி. பக்கத்துத் தோட்டத்துக்காரர எழுப்பினா சங்கட்டப்படுவாருன்னு வாய மூடிக்கிட்டு இருப்பியா? கத்தோணும் புள்ள. கத்தினாத்தான் நாலு பேரு தகரத்தத் தூக்கிக்கிட்டு வருவாங்க."

மறுநாள் காலையில் அண்ணன் வழக்கம்போல எட்டிப் பார்த்து, எல்லாம் சௌகரியந்தானுங்களே என்றார். சௌகரியமுங்க என்று வாய்கள் திறக்கப் போகிற நேரத்தில் உன் குரல் முந்திக்கொண்டது.

"இல்லீங்கண்ணா."

உன்னை யாரோ முழங்கையால் இடித்தார்கள். அண்ணனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, பாவம். கழற்றின செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டார், பிறகு கழற்றினார். என்னாச்சுங்க என்றார். நீ என் கையைத் தூக்கிக் காட்டினாய். மேடம் சொன்னதைச் சொன்னாய். அதோடு நிற்காமல், ஒவ்வொருத்தியாகப் பார்த்து, உனக்கு எங்கே நோவுது, உனக்கு எங்கே என்று கேட்டுக்கொண்டே போனாய். ஒருத்தி கழுத்தைத் தொட்டாள். ஒருத்தி முதுகை. பிளாஸ்க் திறக்க முடியாதவள் இரண்டு கையையும் நீட்டினாள். அண்ணன் அங்கிருந்த கம்பிப் பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை நாள் ஏனுங்க சொல்லவில்லை என்று கேட்டார். நீங்கள் கேட்கவில்லை என்று யாராலும் சொல்ல முடியாது, அவர் தினமும்தான் கேட்டார்.

அவர் எங்கள் யாரையும் நிறுத்தவில்லை. பேக்கிங் பக்கத்தில் சும்மா கிடந்த பெஞ்சுகளை வளையம் வைக்கிற மேசையாகப் போட்டு, எதிரில் உட்கார ஸ்டூல் கொடுத்தார். லேத்து ஆளைக் கூப்பிட்டு, வளையத்தை வைத்துச் சுற்றுகிற மாதிரி அடியில் பேரிங் வைத்த தட்டுகள் செய்யச் சொன்னார். அதற்குப் பிறகு பள்ளத்துக்குப் பள்ளம் மணிக்கட்டை முறுக்க வேண்டியதில்லை, தட்டைத் திருப்பினால் போதும். இதில் நீ ஒரு கூத்து செய்தாய். பெஞ்சு உனக்குத் தாழ்வாக இருந்தது என்று, மோட்டார் அனுப்புகிற மரப்பெட்டியின் கட்டைகளை அறுத்து எல்லாப் பெஞ்சுகளின் காலுக்கும் வைத்தாய். உன் முழங்கைக்குச் சரியான உயரம் என் தோளுக்குப் பக்கத்தில் வந்தது. ஒரு வாரம் தோளைத் தூக்கிக்கொண்டே வேலை செய்துவிட்டு, நானும் கழுத்து வலிக்காரி ஆனேன். நீ ஆசையாகச் செய்ததாயிற்றே என்று சொல்லவில்லை. நீயே பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாய். ஆளுக்கு ஆள் முழங்கை வேறு வேறு உயரம் என்பது அப்போதுதான் நமக்கு உறைத்தது. மற்றவர்களின் கட்டைகளை எல்லாம் எடுத்துவிட்டோம். உன் பெஞ்சின் நாலு காலுக்கு மட்டும் அது நின்றது.

அதற்குப் பிறகுதான் சைக்கிள் டியூப். கம்பியைத் தள்ளுகிற குச்சி பென்சில் போல மெல்லிசாக இருப்பதால்தான் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது, பிடி பருமனாக இருந்தால் கைக்கு வேலை குறையும் என்று மேடம் சொல்லியிருந்தார். நீ எல்லார் குச்சிக்கும் சுற்றினாய். பிறகு உனக்குப் பித்துப் பிடித்து, என் வீட்டுக்கு வந்து கரண்டி, கத்தி, தோசைத் திருப்பி, மகளின் பென்சில் வரைக்கும் சுற்றினாய். அவள் பள்ளிக்கூடத்தில் எல்லாருக்கும் காட்டிவிட்டு வந்தாள்.

வேலையை மாற்றி மாற்றிச் செய்ய ஏற்பாடு செய்ததும் நீதான். நான் பள்ளத்துக்குள் வைக்கிற காகிதம் வெட்டுவேன், சுருள் சுற்றும் மெஷினைக் காலால் மிதிப்பேன்; என் பங்கு அழுத்தல் வேலையை நீங்கள் பிரித்துக்கொண்டீர்கள். அடுத்த அறையில் இருக்கும் கம்ப்ரசர் அவ்வப்போது தானாக ஓடத் தொடங்கும் இல்லையா, அதையே மணியாக்கினாய். அது உறுமினால், "கையக் கீழ உடுங்க" என்று கத்துவாய். எல்லாரும் குச்சியைப் போட்டுவிட்டு, கைகளைத் தொங்கவிட்டு, தோளைத் தளர்த்தி, அது நிற்கும்வரை சும்மா இருக்க வேண்டும். முதலில் எனக்கு வெட்கமாக இருந்தது. பத்துப் பொம்பளைகள் கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்த லாரி டிரைவர், கரண்ட் போய்விட்டதா என்று கேட்டான்.

கை உடனே சரியாகிவிடவில்லை. சரியாகிவிட்டதாக நான் சொன்ன நாட்களில் எல்லாம் நீ நம்பவும் இல்லை. தினமும் காலையில் பஸ்ஸுக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு வந்து மகளுக்குச் சடை பின்னினாய். நீ பின்னுகிற இறுக்கத்தில் அவள் கண் இரண்டும் மேலே ஏறிக்கொள்ளும். அத்தை பின்னினால் கண்ணை மூடித் தூங்க முடியவில்லை என்று வகுப்பில் சொன்னாளாம். பின்னி முடித்ததும் என் முன்னால் வந்து இரண்டு விரலை நீட்டுவாய், அந்த மேடம் செய்த மாதிரியே. "புடி பாக்கலாம்." நான் பிடிப்பேன். "ம்ஹூம். நேத்து வெச்ச ரசம் மாதிரி இருக்குது" என்று உதட்டைப் பிதுக்குவாய். மழை வந்தாலும் வந்தாய், உன் மாமியாருக்கு உடம்பு முடியாத வாரத்திலும் வந்தாய். அந்த விரல்களைப் பிடிப்பதற்காகவே நான் மேடம் சொன்ன பயிற்சியை ஒன்று விடாமல் செய்தேன். உன்னிடம் நல்ல பேர் வாங்க வேண்டுமென்று இருந்தது.

ஒரு காலையில் நீ வருவதற்கு முன்னாலேயே நான் பின்னிவிட்டேன். மெதுவாக, மணிக்கட்டை நேராக வைத்துக்கொண்டு, இரண்டு சடையும். நீ வந்து மகளை வெளிச்சத்துக்குத் திருப்பி, முன்னும் பின்னும் பார்த்து, "கோணல்தான்" என்றாய். பிறகு விரலை நீட்டினாய். நான் பிடித்தேன். நீ ஐயோ என்று கத்திக் கையை உதறி, விரலை ஒடித்துவிட்டாள் பாவி என்று சிரித்தாய். உன் கண் நிறைந்திருந்தது. எனக்கு உன்மேல் எவ்வளவு பிரியம் என்று அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

பல வருஷம் கழித்து, இந்தக் கையோடுதான் உன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். உன் வயிற்றுக்குள் வந்த கட்டிக்கு எந்தப் பெஞ்சின் உயரத்தைச் சரிசெய்வது என்று யாருக்கும் தெரியவில்லை. நீ உருகிப் போயிருந்தாய். நர்ஸ் பெண் வந்து வலி இருக்கிறதாம்மா என்று கேட்டாள். உன் வீட்டுக்காரர் உன்னை முந்திக்கொண்டு, கொஞ்சந்தானுங்க என்றார். அவருக்கு அப்படி இருந்தால் தேவலையே என்று. நானும் மனசுக்குள் உன்னைக் கெஞ்சினேன்: ஒன்றுமில்லை என்று சொல், பொய்யாவது சொல் என்று. நீ நர்ஸைக் கிட்டே கூப்பிட்டாய்.

"அப்படிக் கேக்காதீங்க கண்ணு. எங்க நோவுதுன்னு கேளுங்க."

அவள் கேட்டாள். நீ இடத்தைக் காட்டி, நெம்ப நோவுதுங்க என்றாய். எனக்குத் தாங்க முடியவில்லை. ஆனால் அவள் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டிவந்தாள், மருந்தை மாற்றினார்கள், அன்று சாயங்காலம் உன் முகம் சுருக்கம் நீங்கி இருந்தது. கடைசி வரைக்கும் நீ ஒரு வலியையும் மரியாதைக்காக மறைக்கவில்லை. அதனால் எங்களுக்கும் உனக்கு என்ன செய்ய வேண்டுமென்று தெரிந்தது. தலையணையை எங்கே வைக்க வேண்டும், எந்தப் பக்கம் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும் என்று தெரிந்தது.

போகிறதுக்கு முந்தின நாள், போர்வைக்குள்ளிருந்து இரண்டு விரல்களை வெளியே நீட்டினாய். பேச்சு நன்றாகக் குறைந்திருந்தது. நான் குனிந்தேன். "புடி பாக்கலாம்" என்றாய். எலும்பாக இருந்த அந்த விரல்களை எப்படி இறுக்குவது? மெல்லப் பிடித்தேன். நீ முகத்தைச் சுளித்து, ரசம் என்றாய். அழுதுகொண்டே இறுக்கிப் பிடித்தேன்.

"இப்ப செரி" என்றாய். "உடாத."

நான் விடவில்லை. உன் வீட்டுக்காரர் வந்து என்னைச் சாப்பிடப் போகச் சொன்னபோதும் விடவில்லை.

இனி இன்றைய விஷயம். உன் இடத்துக்குப் போன வாரம் ஒரு பெண் வந்திருக்கிறாள். பொள்ளாச்சிப் பக்கம் ஏதோ ஊர், இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள், கைக்குழந்தைக்காரி. என் உயரம்தான் இருப்பாள். உன் கட்டைகளின் மேல் நிற்கிற உன் பெஞ்சுக்கு முன்னால், எனக்கு எதிரில் உட்கார்ந்தாள். அது அவளுக்கு உயரம் என்று முதல் நாளே எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாமல் போகலாம், நான் எப்படித் தெரியாதவள்? தோள் இரண்டும் காதுக்கு ஏறிக்கொண்டு நிற்கிறது. ஆனால் அந்தக் கட்டைகளை எடுத்துவிட்டால் அந்தப் பெஞ்சு உன்னுடையது இல்லை. நாளைக்கு எடுக்கலாம், நாளைக்கு எடுக்கலாம் என்று ஒவ்வொரு நாளும் தள்ளினேன். கேட்டால் அவளும், சௌகரியமுங்கக்கா என்கிறாள். அவள் சொன்னதை நம்புவது எனக்கு வசதியாக இருந்தது.

காலையில் அந்த ரப்பர் நாற்றம் மூக்கை விட்டுப் போகாமலேயே பட்டறைக்குப் போனேன். அவள் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, யாரும் பார்க்கிறார்களா என்று ஒரு பார்வை பார்த்து, தோளைத் தேய்த்துக்கொண்டாள். நான் எழுந்து போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். எங்க நோவுது கண்ணு என்றேன். என் குரல் எனக்கே உன் குரல் மாதிரி இருந்தது. அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். பிறகு தோளைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள், கடைசியில் தயங்கித் தயங்கிக் கட்டைவிரலைத் தொட்டாள். குழந்தையைத் தூக்கும்போது நழுவுகிறது அக்கா, பயமாக இருக்குதுங்க என்றாள்.

ஆளுக்கொரு பக்கம் பிடித்துப் பெஞ்சைத் தூக்கினார்கள். நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு காலுக்கும் அடியிலிருந்து உன் கட்டைகளை உருவினேன். வருஷக்கணக்கில் பாரம் தாங்கி நடுவில் குழி விழுந்திருந்தன. பெஞ்சை இறக்கினார்கள். அவளை உட்காரவைத்து முழங்கையைப் பார்த்தேன், சரியாக இருந்தது. தோள் தானாக இறங்கியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்த நேரத்தில் அடுத்த அறையில் கம்ப்ரசர் உறுமியது. கையக் கீழ உடுங்க என்று நான் கத்த வேண்டும், நீ போன பிறகு அது என் வேலை. நான் உன் கட்டைகளை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மற்றவர்கள் தாங்களாகவே விட்டார்கள். புதுப்பெண் அவர்களைப் பார்த்துவிட்டு அவளும் விட்டாள். நாளைக்கு அவளை அந்த மேடத்திடம் கூட்டிக்கொண்டு போகிறேன். தனியாக விடமாட்டேன், இவளும் ரெண்டு என்றுதான் சொல்லுவாள்.

கட்டைகளை அங்கே போட்டுவிட்டு வர மனசு வரவில்லை. மஞ்சப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகள் இப்போது என்னைவிட ஒரு சாண் உயரம். லேப்டாப்பின் மேல் கவிழ்ந்து கவிழ்ந்து உட்கார்ந்து, கழுத்து பிடிக்கிறது என்று நேற்றுத்தான் முனகினாள். அவள் மேசைக் கால்களுக்கு அடியில் நாலையும் வைத்தேன். கல்லூரி விட்டு வந்தவள் உட்கார்ந்து பார்த்து, இப்போது சரியாக இருக்கிறது, யார் கொடுத்தது என்று கேட்டாள். உன் சடைக்காரி அத்தை என்றேன். அவள் தன் கண்ணோரத்தை விரலால் மேலே இழுத்துக் காட்டினாள்.

அவள் டீக்கடைக்குப் பால் வாங்கப் போயிருக்கிறாள். அந்த மேசையில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எனக்கு இது உயரம், அதனால் தலையணை போட்டுக்கொண்டேன், திட்டாதே. இவ்வளவு எழுதியும் கட்டைவிரல் நோகவில்லை, மணிக்கட்டு நோகவில்லை. மற்றதை நீ வந்து கேட்டால் சொல்கிறேன்.